எஞ்சினுக்கும் ஒரு பங்கு

கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து, அதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டாமா என்னும் பொருள்பட இயேசு கேட்ட கேள்வி லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் உள்ளது. சீடராய் வாழ்வதன் விலையை உணர்த்த வந்த உவமை அது. மறையுரைகளில் அதன் உட்பொருளையே நாம் கேட்டு வந்திருக்கிறோம், அதுவே முறையும்கூட. ஆயினும் உவமையின் வெளிப்பொருளும் சற்று நின்று எண்ணத்தக்கது. கல்லின் விலை, சுண்ணாம்பின் விலை, கொத்தனாரின் கூலி ஆகியவற்றைக் கூட்டிவிட்டால் கோபுரத்தின் செலவு தெரிந்துவிடுமா? ஒரு பொருளை உடைமையாக்கிக்கொள்ள உண்மையில் எவ்வளவு செலவாகிறது? அச்செலவைத் தருபவர் யார்? இவற்றுள் முதற்கேள்வி கணக்கருக்கும், இரண்டாவது அறநூலாருக்கும் உரியவை போலத் தோன்றும். இரண்டும் ஒரே கேள்வி என்பது என் எண்ணம்.

நமக்குச் சற்றுத் தொலைவான ஓர் உடைமையிலிருந்து தொடங்குவோம். மேலைநாடுகளில் சிறிய விமானம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்போர் பலர். நான்கு பேர் அமரக்கூடிய செஸ்னா 172 என்னும் விமானம் 1956 முதல் விற்பனைக்கு வந்தது. இதுவரை 44,000க்கும் மேல் செய்யப்பட்டுள்ளன. அதைப் புதிதாய் வாங்கியவரிடம், ஒரு மணி நேரம் பறக்க என்ன செலவாகும் என்று கேட்டால் எரிபொருளின் விலையைச் சொல்வார். சில ஆண்டுகள் வைத்திருந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். நிறுத்திவைக்கும் கொட்டகைக்கு வாடகை, காப்பீடு, ஆண்டுதோறும் கட்டாயமாகச் செய்ய வேண்டிய சோதனை ஆகியவை பறந்தாலும் பறக்காவிட்டாலும் உண்டு. எரிபொருளும் எண்ணெயும் பறந்தால் மட்டும். இவ்விரண்டிற்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது செலவு ஒன்று இருக்கிறது. இவ்வகை விமான எஞ்சின்கள் ஏறத்தாழ 2,000 மணி நேரம் ஓடியபின் முற்றாகப் பிரித்துப் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று அவற்றைச் செய்தவர்களே வரையறுத்திருக்கிறார்கள். ஆகவே வானில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் எஞ்சினின் ஆயுளில் இரண்டாயிரத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. அப்பகுதிக்குரிய பணத்தை, தரையிறங்கிய அன்றே தனியே எடுத்து வைப்பவரே கணக்குத் தெரிந்தவர். எடுத்து வைக்காதவரும் அச்செலவைச் செய்துகொண்டுதான் இருக்கிறார். செய்கிறோம் என்பதை அறியாமல் செய்கிறார்.

யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். விலை ஒருநாள் செலவு, தீனி நாள்தோறும். யானை வேலை செய்யாத நாளிலும் தின்னும். ஆண்டுக்கு 200 மணி பறக்கும் விமானத்தைவிட 40 மணி மட்டும் பறக்கும் விமானத்திற்கு மணிக்கணக்கில் செலவு மிகுதி. இதனாலேயே உலகெங்கும் நான்கைந்து பேர் கூடி ஒரு விமானத்தை வாங்குவதும், கழகம் அமைத்துப் பொதுவில் வைத்துக்கொள்வதும் வழக்கமாயின. 1930களிலேயே சென்னையில் பறக்கும் கழகம் ஒன்று இயங்கி வந்தது.

இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கும் விமான உரிமையாளரின் ஏட்டிலும் ஒரு செலவு இடம்பெறவில்லை. சிறு விமானங்களுக்குரிய பெட்ரோலில் இன்றும் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கிறது. கார்களுக்கான பெட்ரோலிலிருந்து நீக்கப்பட்டபின்னும் அது இங்கே தங்கிவிட்டது. அந்த ஈயம் காற்றில் கலந்து மக்களின் நலத்திற்குக் கேடு விளைவிக்கிறது என்று அமெரிக்க நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2023 அக்டோபரில் முறைப்படி அறிவித்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும் என்பது நெடுநாளாக அறியப்பட்ட உண்மை. விமான நிலையத்தின் வேலிக்கு அப்பால் வாழும் குழந்தை அந்த விமானத்தில் ஒருநாளும் ஏறப்போவதில்லை. எனினும் அதன் செலவில் ஒரு பகுதியை அக்குழந்தை செலுத்துகிறது.

விமானத்திற்கும் குமரி மாவட்டத்திற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். நம் மாவட்டத்தில் விமான நிலையமே இல்லை. ஆனால் எஞ்சின் உண்டு. ஆரோக்கியபுரம் தொடங்கி நீரோடி வரையிலும் நாற்பதுக்கு மேற்பட்ட கடற்கரை ஊர்களில், வள்ளத்தின் பின்புறம் தொங்கும் அந்தச் சிறு எஞ்சினைப் போல ஒரு தலைமுறைக்குள் நம் மக்களின் வாழ்வை மாற்றிய பொருள் வேறொன்றும் இல்லை.

அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் தொடங்கியது. எளிய மீனவரின் வள்ளங்களுக்கு விசை தருவதே அதன் நோக்கமாய்ச் சொல்லப்பட்டது. ஆனால் இறாலுக்கு வெளிநாட்டில் கிடைத்த விலை அந்த நோக்கத்தைத் திசைதிருப்பியது; முதலுடையோரின் இழுவைமடிப் படகுகள் பெருகின. அவை கரையோரக் கடலை அரித்தெடுக்கத் தொடங்கியபின், கட்டுமரத்திலும் வள்ளத்திலும் சென்றோருக்கு அண்மைக் கடலில் மீன்பாடு குறைந்தது. நம் கரையில் 1970களிலும் பின்னரும் விசைப்படகினருக்கும் கட்டுமரத்தினருக்கும் இடையே மூண்ட பூசல்களை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் வெளிப்பொருத்து எஞ்சினும் நம் ஊர்களுக்குள் நுழைந்தது. மீனவர் அதை ஆடம்பரத்திற்காக வாங்கவில்லை. அண்மையில் மீனில்லாமல் போனதால் தொலைவுக்குப் போக வாங்கினார்கள். ஆகவே எஞ்சினின் முதல் விலையே, வேறொருவர் கடலுக்குச் செய்த கேட்டிற்கு இவர்கள் செலுத்திய தண்டம் எனலாம்.

அயல்நாட்டில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய இளைஞர் ஒருவர், என்னிடம் முன்பு பயின்றவர், வள்ளமும் எஞ்சினும் தனியாக வாங்க எண்ணிக் கணக்குப் பார்க்க வந்தார். "சார், ஒரு தடவ போயிட்டு வர ஆயிரத்தஞ்நூறு ரூவா எண்ண செலவு. நாலாயிரத்துக்கு மீன் பட்டா மிச்சந்தானே?" என்றார். நாங்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டோம். எண்கள் ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. கணக்கின் வழியைக் காட்டுவதற்காக முழு எண்களாய் வைத்துக்கொண்டவற்றையே இங்குத் தருகிறேன்.

ஃபைபர் வள்ளம் 2,50,000 ரூபாய், பத்தாண்டு உழைக்கும். எஞ்சின் 1,50,000, மூன்றாண்டு. வலை 1,00,000, இரண்டாண்டு. ஆக, ஆண்டுதோறும் வள்ளத்தில் 25,000, எஞ்சினில் 50,000, வலையில் 50,000 கரைந்துபோகிறது. முதல் ஐந்து இலட்சத்திற்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் வட்டி 60,000. சொந்தப் பணந்தானே, வட்டி ஏது என்று அவர் தடுத்தார். சொந்தப் பணமானாலும், வேறிடத்தில் அது ஈட்டியிருக்கக்கூடியதை இழக்கிறோம் அல்லவா? பழுது பார்க்க 40,000. மொத்தம் 2,25,000. ஆண்டில் 180 நாள் கடலுக்குப் போனால், நாளொன்றுக்கு 1,250 ரூபாய். வள்ளம் கரையை விட்டு இறங்கும்போதே இத்தொகை செலவாகிவிடுகிறது.

இனி நாலாயிரத்தைப் பங்கிடுவோம். எண்ணெய்ச் செலவு 1,500 முதலில் கழிந்தது. மீதி 2,500. பங்கு முறை பலவாறு உண்டு. பாதி தொழிற்கருவிக்கு, பாதி ஆட்களுக்கு என்று வைத்துக்கொண்டால் 1,250 வள்ளத்திற்கு, 1,250 நால்வருக்கு. வள்ளத்திற்கு வந்ததை வள்ளமே தின்றுவிட்டது. உரிமையாளருக்கு எஞ்சியது, தாமும் கடலுக்குப் போனால் கிடைக்கும் ஆள்பங்கு, 312 ரூபாய் மட்டுமே. சூறைக்காற்றாலும் நோயாலும் 180 நாள் 120 நாளாய்ச் சுருங்கினால், அதே நிலைச்செலவு நாளுக்கு 1,875 ஆகிவிடும். அப்போது ஒவ்வொரு நாளும் 625 ரூபாய் பள்ளம். அந்தப் பள்ளம் உடனே தெரியாது. கையில் காசு புழங்கும். வீட்டிற்கு வண்ணம் பூசலாம், பிள்ளைக்குப் புதுநன்மை விழாவும் நடத்தலாம். மூன்றாம் ஆண்டு எஞ்சின் நின்றுபோகும் நாளில்தான் அது வாய் திறக்கும். அன்று முன்பணம் தர வியாபாரி வருவார். அவருக்கே மீனைக் கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும் என்பது அப்பணத்தின் வட்டி. எஞ்சினுக்கு உரிமையாளராகத் தொடங்கியவர், தாம் பிடித்த மீனுக்கு உரிமையாளர் அல்லாமற் போகிறார்.

இக்கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார் அவருடைய தாய். மீன்கூடை சுமந்து நாஞ்சில் நாட்டின் உள்ளூர்களில் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். "இவனுக்க அப்பா மரத்துல போன காலத்துல மீன நான் வித்தேன். இனி ஏலத்துல வண்டிக்காரன் மொத்தமா எடுத்துட்டுப் போவான். எனக்க வரும்படிய நீங்க எந்தப் பக்கம் எழுதினிய சார்?" என்று கேட்டார்.

நாங்கள் எந்தப் பக்கமும் எழுதியிருக்கவில்லை. எந்தக் கணக்கேட்டிலும் அதற்கு இடமில்லை. கட்டுமரம் தன் ஊர்க் கரையிலேயே அணையும். கூடையளவு மீன் வரும். பெண்கள் எடுத்து விற்பார்கள். எஞ்சின் வள்ளமோ பனிக்கட்டியும் வண்டியும் வணிகரும் உள்ள துறையைத் தேடுகிறது. மீன் மிகுதியாய் வந்தாலும் பெண்களின் கூடைக்கு வருவது குறைகிறது. வணிகரின் வண்டியில் ஏறும் மீனுக்கு வரும் பணம் ஆணின் கையில் வருகிறது. கூடையில் ஏறிய மீனுக்கு வந்த பணம் அன்று மாலையே அரிசியாகவும் பள்ளிக் கட்டணமாகவும் மாறியது. இரண்டும் ஒரே ரூபாய்தானா என்பதை நம் கடற்கரை ஊர்களின் குடும்பத் தலைவியரைக் கேட்டால் தெரியும்.

ஏட்டில் ஏறாத செலவுகள் இன்னும் உள. கரையிலுள்ள மலைமுகட்டையும் கோவில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்து, கடலடியில் பார் எங்கிருக்கிறது எனக் கணிக்கும் அறிவு நம் முன்னோருக்கு இருந்தது. வாடையும் கொண்டலும் சோழகமும் கச்சானும் எப்போது எப்படி வீசும், நீரோட்டம் எத்திசையில் இழுக்கும் என்பதைப் பாய்மரம் கற்றுத்தந்தது. எஞ்சினுக்குக் காற்று தேவையில்லை. ஆகவே காற்றைக் கற்க வேண்டிய தேவையும் இல்லாமற் போயிற்று. இதை இழப்பு என்று சொல்வோரைப் பழமைப் பற்றாளர் என இளையோர் நகைக்கலாம். காற்றோடு போராடித் துடுப்புப் போட்ட தோள்வலி எத்தகையது என்று அறிந்தவர் எவரும் அந்த நாள் திரும்பட்டும் என்று சொல்லமாட்டார், நானும் சொல்லவில்லை. தோள்வலி தீர்ந்தது பெரிய வரவு. வரவை எழுதியவர்கள் செலவையும் எழுதியிருக்கலாம் என்பதே என் குறை.

தொலைவும் ஒரு செலவே. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் நம் மாவட்டத்து மீனவர் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். ஆழ்கடலுக்குச் சென்றவர்கள் அவர்களுள் மிகப் பலர். எச்சரிக்கை உரிய காலத்தில் சென்று சேர்ந்ததா, தேடுதல் விரைவாய் நடந்ததா என்பவை வேறு கேள்விகள். அவை பலமுறை கேட்கப்பட்டுள்ளன. அண்மைக் கடலில் மீன் இருந்திருந்தால் அத்தனை பேர் அவ்வளவு தொலைவில் இருந்திருக்க வேண்டுமா என்ற கேள்வியை நாம் போதிய அளவு கேட்கவில்லை.

இனி, குதிரைத்திறனின் கதை. ஏழு, எட்டுக் குதிரைத்திறன் போதும் என்றுதான் தொடங்கினார்கள். பிறகு 9.9 வந்தது, சில இடங்களில் 25ம் அதற்கு மேலும் வந்தன. கோட்டாறு புனித சவேரியார் பேராலயத் திருவிழாவில் தேர்ப்பவனி பார்க்க நிற்கிறோம். முன்னால் நிற்பவர் தம் குழந்தையைத் தோளில் ஏற்றுகிறார். பின்னால் நிற்பவருக்கு மறைக்கிறது, அவரும் ஏற்றுகிறார். சற்று நேரத்தில் எல்லாத் தோளிலும் குழந்தைகள். யாருக்கும் முன்பைவிடத் தெளிவாகத் தேர் தெரியவில்லை. எல்லாருக்கும் தோள் வலிக்கிறது. ஆனால் முதலில் இறக்கி வைப்பவரின் குழந்தைக்குத் தேரே தெரியாது. ஆகவே ஒருவரும் இறக்கமாட்டார்கள். என்னுடைய எஞ்சினின் செலவில் ஒரு பகுதியை என் அயலான் தருகிறான். அவனுடையதில் ஒரு பகுதியை நான் தருகிறேன். மானிய விலையில் அரசு வழங்கும் மண்ணெண்ணெய் வழியாக, கடலையே பார்த்திராத வரி செலுத்துவோரும் தருகிறார்கள்.

குருவாக இருந்த சிந்தனையாளர் இவான் இல்லிச், 1974இல் வெளிவந்த 'ஆற்றலும் சமத்துவமும்' என்னும் நூலில் மோட்டார் வாகனத்தைப் பற்றி இப்படியொரு கணக்கைப் போட்டுக் காட்டினார். அமெரிக்கர் ஒருவர் கார் ஓட்டும் நேரத்தோடு, அக்காருக்காக உழைக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஆண்டுக்கு 1,600 மணி. அதில் அவர் செல்லும் தொலைவு 7,500 மைல். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஐந்து மைலும் இல்லை. விரைந்து நடக்கும் மனிதனின் வேகம்! இக்கணக்கு மிகையானது என்று குறை சொன்னோர் உண்டு. கார் தரும் வசதியை வேகத்தால் மட்டும் அளக்க முடியாது என்பது சரியான மறுப்புதான். ஆயினும், விலையை ரூபாயில் எழுதாமல் வாழ்நாளில் எழுதிப் பார்க்க வேண்டும் என்னும் அவர் அறிவுறுத்தலை அம்மறுப்பு தொடவில்லை.

உடைமையைப் பற்றிப் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் ஓர் அரிய வேறுபாட்டைக் காட்டுகிறார். பொருளை ஈட்டவும் பேணவும் மனிதனுக்குத் தனியுரிமை உண்டு. அதைப் பயன்படுத்தும்போதோ பொதுப்பொருள் போலக் கருத வேண்டும். இதை இரக்கச் செயலுக்கான அறிவுரையாகவே நாம் கொள்கிறோம்: மிஞ்சியதை ஏழைக்குக் கொடு என்பதாக. எனக்கு அது கணக்கு விதியாகவே தோன்றுகிறது. பயன்படுத்தும்போது எழும் செலவு எப்படியும் பொதுவில்தான் விழுகிறது. அதை அறிந்து பயன்படுத்து என்பதாக.

நம் கரையின் பங்கு முறையில் இது தெளிவாய்த் தெரியும். பங்கு என்னும் சொல் நமக்கு இருபொருள் தருவது. கோவிலைச் சேர்ந்த மக்களும் பங்கு, மீனில் வரும் கூறும் பங்கு. மரத்தில் போன காலத்திலும் மரத்திற்கும் வலைக்கும் கூறு உண்டு. எஞ்சின் வந்தபின் எஞ்சினுக்கும் ஒரு பங்கு வந்தது. எஞ்சின் தேயும், அதைப் புதுப்பிக்கப் பணம் வேண்டும் என்பதால் அது நியாயமே. ஆனால் உடன்வரும் கூலிப்பங்காளியின் முதுகும் தேய்கிறது. அதைப் புதுப்பிக்க எந்தக் கூறும் ஒதுக்கப்படுவதில்லை. முதலைவிட உழைப்பே முந்தியது என்று புனித இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய திருமடலில் வலியுறுத்தினார். நம் பங்குக் கணக்கில் எஞ்சினுக்குத் தேய்மானம் உண்டு, மனிதனுக்கு இல்லை. எந்த வள்ள உரிமையாளரும் தீய எண்ணத்தால் இதைச் செய்யவில்லை. எஞ்சின் நின்றால் வள்ளம் நிற்கும், ஆள் நின்றால் வேறு ஆள் வருவான் என்பதால் அப்படி அமைந்துவிட்டது.

வேறு வழி முயலப்படாமல் இல்லை. கோட்டாறு மறைமாவட்டத்தில் பெல்ஜியம் நாட்டு அருட்தந்தை ஜேம்ஸ் தோம்பரின் முயற்சியால் எழுந்த மீனவர் சங்கங்களும், 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பும் செய்தது, விமானக்காரர் செய்வதைப் போன்ற ஒன்றுதான். மீன் கரைக்கு வந்ததும் சங்கத்தின் வழியாக ஏலம். விற்றுமுதலில் ஒரு பகுதி கடனுக்கும் ஒரு பகுதி சேமிப்புக்கும் அங்கேயே கழியும். மீன் பட்ட நாளில் கழியும், படாத நாளில் தவணை இல்லை. வியாபாரியின் முன்பணத்திலிருந்து பல குடும்பங்கள் மீண்டது இதனால்தான். அதே காலத்தில் முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் கட்டும் முயற்சியில் உழைத்தவர் பெல்ஜியம் நாட்டுப் பொறியாளர் பியர் ஜில்லே. 'சிறியதே அழகு' என்ற ஷூமாக்கரின் நூற்பெயர் உலகெங்கும் பேசப்பட்ட காலம் அது. 1985இல் ஜில்லே தம் நூலுக்கு வைத்த பெயர் 'சிறியது கடினம்'. கரையில் நின்று வேலை செய்தவருக்கே அப்பெயர் தோன்றியிருக்க முடியும்.

எனினும் சங்கத்தின் கழிப்பும் உரிமையாளரின் கடனை அடைக்கவே பெரிதும் பயன்படுகிறது. கூலிப்பங்காளிக்கு? ஆனியிலும் ஆடியிலும் கடல் பொங்கி வள்ளம் கரையில் கிடக்கும் நாட்களின் நிலைச்செலவையும் வள்ளத்தின் கணக்கில் நாம் எழுதினோம். அதே நாட்களில் பங்காளியின் வீட்டில் உலை வைத்தாக வேண்டும், அதுவும் நிலைச்செலவே. அவன் கடலுக்குப் போகும் 180 நாளின் கூலி 365 நாளுக்கும் சோறு போட வேண்டும். 312 ரூபாயை அப்படிப் பகிர்ந்தால் நாளுக்கு 154 ரூபாயும் தேறாது.

அந்த இளைஞரின் தாளில் எஞ்சினுக்கு அடுத்த வரியில் இதையும் எழுதினோம். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தனியாக வாங்குவதைவிட நால்வரும் சேர்ந்தே வாங்கினால் இந்த வரியை யார் தலையில் எழுதுவது என்று கேட்டார். நால்வர் தலையிலும் என்றேன். "அப்போ கணக்கு நாலு பேரும் பாக்கணும் சார்" என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.